வாய்க்கால் தண்ணீருக்குக் காத்திருந்த தளம்

எங்கள் வீட்டுத் தளத்தை இடித்துவிட்டுப் புதிதாகப் போட யாரைப் பிடிப்பது என்று முடிவு செய்ய எனக்கு நான்கு மாதம் ஆனது. அதற்கு முன்னால் எதையும் நான் அவ்வளவு நாள் யோசித்ததில்லை. என் கல்யாணமே அப்பா பார்த்து வைத்ததுதான். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள், "சரிங்க" என்றேன். அந்த "சரிங்க" நல்லபடியாக அமைந்துவிட்டது. எல்லா "சரிங்க"வும் அப்படி அமைவதில்லை.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குவேன். மற்ற நாட்களில் குத்தகைக்கு எடுத்த கொஞ்சம் நிலம் இருக்கிறது. மூட்டை தூக்குகிறவனுக்குப் பேச்சு தேவையில்லை. எடை போடுகிறவர் பேசுவார், நெல் கொண்டுவந்தவர் பேசுவார், லாரிக்காரர் எல்லோரையும்விட அதிகம் பேசுவார். நடுவில் நான் முதுகைக் கொடுத்தால் போதும். புது ஆள் யாராவது முன்னால் வந்து நின்றால் எனக்கு வார்த்தை வராது, காது மடல் சூடாகும். அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

வீடு, நாங்கள் கல்யாணமான புதிதில் கட்டிய தொகுப்பு வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, மேலே காங்கிரீட் தளம். வயலில் கூலி வேலை பார்த்தவர்கள் தெருவில் அப்போது காங்கிரீட் தளம் என்றால் அது பெரிய விஷயம். சில வருஷங்களாக அந்தத் தளம் உதிர ஆரம்பித்திருந்தது. முதலில் வெள்ளைப் பொடியாகக் கொட்டியது. பிறகு சில்லு சில்லாக விழுந்தது. உள்ளே இருந்த கம்பி துருவேறி, ஊறிப் பெருத்து, வெளியே தெரிந்தது. போன தை மாதக் கடைசியில், பகல் பதினோரு மணி இருக்கும், என் மனைவி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உலை பொங்குகிறது என்று எழுந்து போனாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு துண்டு விழுந்தது.

அவள் கத்தவில்லை. அந்தத் துண்டை முறத்தில் எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"சோறு பொங்கினதால நான் இருக்கேன். இல்லன்னா இந்நேரம் ஒங்களுக்கு வேற பொண்ணு பாத்துக்கிட்டு இருப்பாங்க."

அன்று மாலையே மகளுக்குப் போன் போனது. மகள் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள். அவள் தன் பெயரில் கடன் போட்டுத் தருகிறேன் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"அப்பா, யாருகிட்ட வேலைய குடுக்குறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். மாமா சொன்னாரு, அம்மா சொன்னாங்கன்னு சொல்லக் கூடாது. இன்னொரு தடவை என்னால கடன் வாங்க முடியாதுப்பா. இந்த ஒரு தடவைதான்."

நான் "சரிம்மா" என்றேன். போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று புரிந்தது.

மாமா என்று அவள் சொன்னது என் மனைவியின் அண்ணனை. மச்சான் கதிர் அறுக்கும் மெஷினுக்கு ஏஜெண்ட்டாக இருக்கிறார். சுற்று வட்டாரத்தில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. யாருக்கு என்ன தேவை என்றாலும் அவரே போய் நின்று முடித்துத் தருவார், அதை ஒரு வருஷம் வரை சொல்லிக் காட்டவும் செய்வார். நல்ல மனிதர். எனக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அவர்தான். அவரிடம் இல்லை என்று நான் சொன்னதே கிடையாது. யாருமே சொன்னதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

விஷயம் காதில் விழுந்த மறு வாரமே அவர் ஒரு காண்ட்ராக்டரைக் காரில் கூட்டிவந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், சட்டை மடிப்புக் கலையாத ஆள். வீட்டுக்குள் ஒரு தடவை போய்வந்தார். பிறகு வேப்பமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து ஒரு படம் காட்டினார். எங்கள் வீடாம். முன்பக்கம் முழுக்கப் பழுப்பு நிற டைல்ஸ், கண்ணாடி வைத்த மாடிப்படி, வாசலில் புல்தரை, பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார்.

என் மனைவி குனிந்து பார்த்தாள். "கார் யாருதுங்க?"

"அது படத்துல வர்றதும்மா."

"வீடு?"

மச்சான் சத்தமாகச் சிரித்துவிட்டு, "இவ ஒருத்தி. மாப்ள, ஒனக்குப் பிடிச்சிருக்கா?" என்றார்.

எனக்கும் படம் பிடித்துத்தான் இருந்தது. அதிலும் அந்த மாடிப்படி. தலையை ஆட்டினேன். ஆட்டியதை அவர்கள் முடிவாகவே எடுத்துக்கொண்டார்கள். வைகாசியில் முகூர்த்தம் பார்த்து வேலையை ஆரம்பிக்கலாம் என்று பேசிக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

மகள் வைத்த நிபந்தனை இரண்டு நாளாக மனசை விட்டுப் போகவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு கொத்தனார் இருக்கிறார், அவரைப் பார்க்கலாம் என்று போனேன். அவரிடம் பேசுவது எனக்குச் சுலபம், ஏனென்றால் அவர் என்னைவிடக் குறைவாகப் பேசுவார். சுவர் தாங்குமா என்று கேட்டேன். "பாத்துக்கலாம்ணே" என்றார். எத்தனை நாள் ஆகும் என்றேன். "பாத்துக்கலாம்ணே." நீங்களே நின்று செய்வீர்களா, வேறு ஆளை விடுவீர்களா என்று கேட்டதற்கும் அதே பதில்தான். எதைப் பார்ப்பார், எப்போது பார்ப்பார் என்று கடைசிவரை தெரியவில்லை. வீட்டுக்கு வந்தேன்.

பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கொள்முதல் நிலையத்தில் மூட்டையின் மேல்வாயில் இருக்கும் நெல்லை யாரும் நம்ப மாட்டார்கள். குத்தூசியை நடுவில் விட்டு உள்ளே இருப்பதை எடுத்துப் பார்ப்பார்கள். மேலே காய்ந்த நெல்லும் உள்ளே ஈர நெல்லுமாக வரும் மூட்டைகளை நான் முதுகில் வாங்கியவுடனேயே கண்டுபிடித்துவிடுவேன், கனம் சொல்லிவிடும். வீட்டையும் அப்படிப் பார்த்தால் என்ன? கட்டி மூன்று நான்கு வருஷம் ஆன வீட்டை, முன்பக்கம் விட்டுவிட்டுப் பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

மச்சானின் காண்ட்ராக்டர் கட்டிய வீடு ஒன்று பக்கத்து ஊரில் இருந்தது. மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். முன்பக்கம் அந்தப் படம் மாதிரியே பளபளவென்று இருந்தது. கொல்லைப் பக்கம் ஒரு வரப்பு போனது. வயலைப் பார்க்கிறவன் மாதிரி அதில் நடந்து, நின்று, அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலுக்கு மேல் இருந்த சன்ஷேடின் அடியில் கம்பி போகும் வழியெல்லாம் பழுப்பாகக் கோடு ஓடியிருந்தது. எங்கள் வீட்டிலும் கம்பி வெளியே தெரிவதற்கு முன்னால் அப்படித்தான் கோடு ஓடியது.

"யாருய்யா அது? மேல என்ன பாக்குற?"

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மா நின்றார். கையில் துடைப்பம்.

"சன்... சன்ஷேடு" என்றேன்.

"என்ன சன்ஷேடு? லோனுக்கு ஆள் அனுப்பிருக்காங்களா?"

"இல்லீங்க. வீடு... கட்டணும். யாருகிட்ட குடுக்கலாம்னு..."

அந்த அம்மாவின் முகம் மாறியது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார். சன்ஷேடைத் துடைப்பக் கட்டையால் தட்டிக் காட்டினார். பொருக்கு உதிர்ந்தது.

"நல்லா பாத்துக்குங்க. ஒங்களுக்கு முன்னாடி ஏழெட்டுப் பேரு வந்தாங்க. எல்லாரும் வாசல்ல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாங்க. கொல்லைக்கு வந்தது நீங்கதான்."

"கட்டினவருகிட்ட சொல்லலையாங்க?"

"சொன்னேன். இங்கத்து காத்து அப்படிங்குறாரு. காத்துக்கு முன்பக்கம் தெரியாதா? கொல்லைலதான் அடிக்குமா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் சொந்தக் காரியமாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். திரும்பும் வழியில் மொபெட்டைக் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினேன்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் என் கண் சன்ஷேடுக்கு அடியில்தான் போனது. சித்திரையில் மனைவி நாகூருக்குப் போகவேண்டும் என்றாள். மகளுக்கு வேலை கிடைத்தால் தர்காவுக்கு வருவதாக வேண்டியிருந்தாளாம். அவள் உள்ளே போயிருந்தபோது நான் தெருவில் வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கடல் கூப்பிடு தூரம். அந்தக் காற்றில் இரும்புக் கதவுகளெல்லாம் அரித்துப்போயிருந்தன. நடுவில் ஒரு மாடி வீடு, கீழே மளிகைக்கடை. சுற்றி வந்து பார்த்தேன். சன்ஷேடில் ஒரு கோடு இல்லை, ஒரு பொருக்கு இல்லை.

கடையில் இருந்தவரிடம் கேட்க வேண்டும். ஒரு தீப்பெட்டி வாங்கினேன். கேட்க முடியவில்லை. போய்விட்டுத் திரும்பி வந்து ஒரு சோப்பு வாங்கினேன். மூன்றாம் தடவை நான் வந்து நின்றதும் அவரே கேட்டுவிட்டார்.

"என்னங்க, வீட்டுல ஒவ்வொண்ணா நெனச்சு நெனச்சு சொல்றாங்களா?"

"இந்த வீடு கட்டி எத்தனை வருஷங்க?"

"பதினெட்டு."

"கட்டினவரு இருக்காருங்களா?"

"ஏன், அவரு சாவுறதுக்கு இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்து அழைத்தார்.

அடுத்த வெள்ளி போய் சனிக்கிழமை அந்த வீட்டைக் கட்டியவர் எங்கள் ஊருக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினார். அறுபதைத் தாண்டிய பாய். மடித்த வேட்டி, கையில் ஒரு சின்னச் சுத்தியல். வீட்டுக்குள் போய்ச் சுவரை அங்கங்கே தட்டிக் கேட்டார். பூச்சைக் கொஞ்சம் பெயர்த்து உள்ளே விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். நான் பின்னாலேயே போனேன். படம் எதுவும் காட்டவில்லை. எத்தனை சதுரடி என்றுகூடக் கேட்கவில்லை.

"தம்பி, தண்ணிய காட்டுங்க."

குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்து மனைவி குழாய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். எங்கள் ஊரில் குடிதண்ணீர் தெருக்குழாயில் காலையில் ஒரு மணி நேரம் வரும். அதைக் குடத்தில் பிடித்து வைத்திருப்போம்.

"இது இல்ல தங்கச்சி. வேலைக்கு எந்தத் தண்ணி ஊத்துவீங்க, அத காட்டுங்க."

கொல்லையில் இருந்த அடிபம்பைக் காட்டினேன். அவரே அடித்து, உள்ளங்கையில் ஏந்தி, வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார்.

"எங்க ஊரு கடல் தேவல. இந்த வீடு கட்டும்போது எந்தத் தண்ணி?"

எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த வருஷம் கோடையில் கட்டினோம். எங்கள் பக்கத்தில் யார் வீடு கட்டினாலும் கோடையில்தான் கட்டுவார்கள். அப்போதுதான் வயலில் வேலை இருக்காது, ஆள் கிடைக்கும், மழை வராது. அப்போதுதான் வாய்க்காலும் வறண்டு கிடக்கும். கொத்தனார் தண்ணீர் தண்ணீர் என்று கத்த, இதே அடிபம்பை நாள் முழுக்க அடித்து அடித்துக் கொடுத்தவன் நான்தான். கை கொப்புளித்துப்போனது. என் கையால் கட்டிய வீடு என்று அதை எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"இதாங்க" என்றேன்.

பாய் என்னைத் திட்டவில்லை. "எல்லாரும் செய்யுறதுதான் தம்பி. கம்பிய உப்புல ஊறப்போட்டு மேல சிமெண்டு பூசி மூடிட்டீங்க. அது உள்ளேயே இருந்து தின்னுருக்கு" என்றார். "சுவரு நிக்கும். தளத்த எடுத்துட்டு, சுவத்து மேல சுத்தி காங்கிரீட்டுல ஒரு பெல்ட்டு போட்டு, புதுசா போடலாம். ஆனா வைகாசில போடணும்னா நான் வரல. ஆத்துல தண்ணி தொறந்து, ஒங்க வாய்க்காலுக்கு வரட்டும். அந்தத் தண்ணிலதான் போடுவேன்."

"ஆவணி ஆயிடுமே பாய்!" என்றாள் மனைவி. "எங்க ஊரு கடைசி ஊரு. எல்லாருக்கும் போயி மிச்சம்தான் இங்க வரும். அப்புறம் மழை வந்துடும்."

"நடுவுல ஒரு மாசம் கெடைக்கும். எனக்கு அது போதும். லாரித் தண்ணி வாங்கிப் போடலாம். ஆனா தளம் போட்டப்புறம் ரெண்டு வாரம் அது மேல தண்ணி நிக்கணும். அத்தனை லாரி நீங்க வாங்க மாட்டீங்க. பாதில அடிபம்புக்குப் போயிடுவீங்க. நான் பாத்துருக்கேன்."

வேலை வேண்டும் என்று வந்த ஒருவர், இப்போது செய்ய மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் பஸ் ஏறிப் போன பிறகும் நான் அடிபம்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குள் முடிவாகிவிட்டது. அதை மச்சானிடம் சொல்வதுதான் பாக்கி.

போனில் சொல்லலாம் என்று எத்தனையோ தடவை எடுத்தேன். அவர் "சொல்லு மாப்ள" என்பார், நான் "சும்மாதான் மச்சான்" என்பேன். இப்படியே நாள் போய், வைகாசியில் அவர் குறித்த முகூர்த்தமும் வந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு அவர் காண்ட்ராக்டரோடு வந்து இறங்கினார். கூடவே தேங்காய், பழம், கற்பூரம், கடப்பாரை பிடிக்க நான்கு ஆட்கள். தெருவிலிருந்தும் பத்துப் பேர் வந்து கூடிவிட்டார்கள். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"மொத அடி நீ போடு மாப்ள" என்று மச்சான் கடப்பாரையை என் கையில் கொடுத்தார்.

அதை வாங்கிக்கொண்டேன். இப்போது சொல்லாவிட்டால் என் மகள் இனி வருஷக்கணக்கில் கட்டப்போகிற கடன், உப்பாகி உதிர்ந்து, திரும்பவும் என் மனைவியின் தலைக்கு மேல் தொங்கும். அது தெரிந்தும் வாய் திறக்கவில்லை. கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தேன். கொல்லைக்குப் போனேன். ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்து அடிபம்பில் நிறையப் பிடித்துக்கொண்டு வந்து காண்ட்ராக்டரிடம் இரண்டு கையாலும் நீட்டினேன்.

வெயிலில் வந்தவர், வாங்கி ஒரு வாய் நிறைய ஊற்றிக்கொண்டார். அப்படியே நின்றுவிட்டார். விழுங்கவும் முடியவில்லை, இத்தனை பேர் முன்னால் துப்பவும் முடியவில்லை. கன்னம் உப்பியபடி இடமும் வலமும் பார்த்தார். கடைசியில் வேப்பமரத்துக்குப் பின்னால் ஓடித் துப்பிவிட்டு வந்தார்.

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மாப்ள இது? வீட்டுக்கு வந்தவருக்கு உப்புத்தண்ணியா குடுக்குற?"

"தளத்துக்கு இதத்தானே குடுக்கப் போறாங்க, மச்சான்" என்றேன்.

என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி கேட்டது. காண்ட்ராக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு, அதற்கெல்லாம் சிமெண்டில் கலக்க மருந்து வந்துவிட்டது என்று ஆரம்பித்தார்.

"வேணாங்க" என்றேன். "வாய்க்கால் தண்ணி வந்தப்புறம் போட்டுக்குறோம். வேற ஆள் பேசிட்டேன். ஒங்கள அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்குங்க."

"பேசிட்டியா? யாருகிட்ட கேட்டுப் பேசுன?" என்றார் மச்சான்.

"நானே."

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் வாக்கு குடுத்து கூட்டிக்கிட்டு வந்த மனுசன். நாலு பேரு முன்னாடி என் மூஞ்சில துப்ப வச்சிட்டல்ல" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். தேங்காயும் பழமும் எங்கள் வாசலிலேயே கிடந்தன. மனைவி கொஞ்ச நேரம் அழுதாள். அண்ணன் போய்விட்டாரே என்று அழுகை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆளு கன்னம் உப்பி நின்னாரு பாருங்க" என்று சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள்.

காத்திருப்பது லேசாக இல்லை. உள்ளே படுக்கப் பயந்து வாசலில் கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டோம். ஆனியில் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் காட்டினார்கள். தண்ணீர் தஞ்சாவூருக்கு வந்துவிட்டது என்று மகள் பாலத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினாள். எங்கள் வாய்க்காலில் ஆடு மேய்ந்தது. வாரம் ஒரு தடவை பாய் போன் செய்வார்.

"தம்பி, வந்துச்சா?"

"இன்னும் இல்ல பாய்."

"வரும்."

தெருவில் பேச்சு வேறு. "வயலுக்கே தண்ணியக் காணோம், இவரு வீட்டுக்குத் தண்ணி வருமாம்" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். நான் இருக்கிறேன் என்று தெரிந்தேதான் சொன்னார். மச்சான் யாரிடமோ, மழையில் குடையோடு சமைக்கப்போகிறாள் என் தங்கச்சி என்றாராம். அதெல்லாம் எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே டீ குடித்தேன். முன்பு என்றால் பாதி டம்ளரில் எழுந்து வந்திருப்பேன்.

ஆடி கழிந்து மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, பாம்பு ஊர்வது மாதிரி மெதுவாக வந்தது. நான் பாய்க்குப் போன் செய்தேன். "மொத தண்ணி வேணாம் தம்பி. குப்பையெல்லாம் போவட்டும். நாங்க வந்து இடிக்கிறோம்" என்றார்.

மறுநாளே ஆட்களோடு வந்துவிட்டார். பழைய தளத்தைக் கடப்பாரையால் இடிக்கத் தேவையே இல்லாமல் இருந்தது. கையால் பெயர்த்தாலே வந்தது. உள்ளே இருந்த கம்பி சில இடங்களில் குச்சி மாதிரி முறிந்தது. இதன் கீழேயா இத்தனை வருஷம் படுத்திருந்தோம் என்று மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கொல்லையில் பெரிய பள்ளம் வெட்டித் தார்ப்பாய் விரித்தோம். வயலுக்கு எங்கள் முறை வந்த அன்று எங்கள் பங்குத் தண்ணீரை எஞ்சின் வைத்து அதில் நிரப்பினோம். மீன் வளர்க்கப் போகிறாயா என்று போகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். இரண்டு நாளில் சேறு அடியில் படிந்து மேல்தண்ணீர் தெளிந்தது. பாய் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத்தான் கலவைக்கு விட்டார். கம்பி கட்டி முடித்த பிறகு ஒவ்வொரு முடிச்சையும் தானே குனிந்து இழுத்துப் பார்த்தார். ஒரு மூலையில் ஆள் செய்தது பிடிக்காமல் அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொன்னார்.

தளம் போட்ட மறுநாள் அது முழுக்கத் தண்ணீர் கட்ட வேண்டும். வேலையாட்கள் களிமண்ணை வைத்து வரப்பு போட ஆரம்பித்தார்கள். வளைந்து வளைந்து போனது. "நவுருங்க" என்று சொல்லிவிட்டு நானே உட்கார்ந்தேன். வரப்பு கட்டுவது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்ணைப் பிசைந்து, நேர் பிடித்து, கையால் வழித்து, தளம் முழுக்கப் பாத்தி கட்டினேன். ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு சொட்டு கசியவில்லை. பாய் ஏணியில் பாதி ஏறி நின்று பார்த்தார்.

"தம்பி, இதுக்கு நான் ஆள் கூட்டிக்கிட்டு வந்திருக்க வேணாம்."

அந்தச் சொல்லை நான் இன்னும் வைத்திருக்கிறேன். பதினாலு நாளும் காலையும் மாலையும் நானே ஏறித் தண்ணீர் குறைந்த பாத்தியை நிரப்பினேன். மகள் லீவில் வந்தவள் ஏணியில் ஏறினாள். வானம் பாத்தி பாத்தியாகத் தண்ணீரில் கிடந்தது. "அப்பா, நாத்து விட்டுடலாம் போலருக்கே" என்றாள். அப்படியே படம் எடுத்து அவள் ஆஸ்பத்திரிக் கூட்டாளிகளுக்கு அனுப்பினாள். கீழே என்ன எழுதினாள் என்று கேட்டேன். எங்க அப்பா போட்ட தளம் என்று எழுதியிருந்தாள். நான் போடவில்லை, பாய் போட்டது என்றேன். "சும்மா இருங்கப்பா" என்றாள்.

பால் காய்ச்ச நாள் வைத்தபோது மச்சானைக் கூப்பிட நானே போனேன். மனைவியை அனுப்பவில்லை. அவர் திண்டாடித்தான் போனார். என்னோடு நான்கு மாதமாகப் பேச்சு இல்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

வந்தார். ஐப்பசி முதல் வாரம், விடிந்ததிலிருந்து மழை வெளுத்து வாங்கியது. சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், நாகூரிலிருந்து பாய், எல்லோரும் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். மச்சான் வாசலில் குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்து, முதலில் யாரையும் பார்க்காமல் தளத்தைத்தான் பார்த்தார். மூலை மூலையாகப் பார்த்தார். ஒரு ஈரப் பொட்டு இல்லை. தலையை ஆட்டிக்கொண்டார். இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் அவருடைய வழக்கமான குரல் வந்துவிட்டது.

"தண்ணிதான் விஷயம். உப்புத்தண்ணில போட்டா எந்தத் தளமும் நிக்காது. அதான் வாய்க்கால் தண்ணி வரட்டும்னு நிறுத்தி வச்சுப் போட்டது. அவசரப்பட்டா ஆவுமா?"

என் மனைவி சாம்பார் வாளியோடு நின்றுவிட்டாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பாய் இலையைப் பார்த்துச் சிரித்தார். விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் வந்ததே பெரிது. ஆனாலும் என் வாய் திறந்துகொண்டது.

"மச்சான், வாய்க்கால் தண்ணிய சொன்னது பாய்" என்றேன். "பாய புடிச்சது நான்."

வீடே சிரித்தது. மச்சான் கை சோற்றில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆமாய்யா, நீதான். இந்தா, அந்த ரசத்த இங்க ஊத்தச் சொல்லு" என்றார்.

நானே எழுந்து போய் ஊற்றினேன்.